மஞ்சள் இணைப்பும் நான்கு போல்ட்டுகளும்

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் முத்தரசநல்லூரைத் தாண்டினால் ஜீயபுரம். காவிரியின் தென்கரை ஊர். சற்று மேற்கே முக்கொம்பு. அங்கேதான் கொள்ளிடம் காவிரியை விட்டுப் பிரிகிறது. கரை நெடுக வாழைத் தோட்டங்கள். பங்குனித் திருவிழாவில் ஒருநாள் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் இங்கே எழுந்தருள்வார். ஆறு, வாழை, திருவிழாக் கூட்டம் என்ற இந்த மூன்றும் சேர்ந்து ஒரு காரின் உட்புறத்தைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. இருக்கையைக் கழற்றாமல் அந்த வண்டியை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது.

முதலில் தண்ணீர். மழைக்காலத்தில் தாழ்வான இடத்தில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே போதும். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். முன்இருக்கையில் உட்காருபவரின் காலடியில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். கார்பெட்டின் மேல்பகுதி இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதன் அடியில் இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்த தடித்த பஞ்சு மட்டும் காய்வதில்லை. நூலிழைகளின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. காற்று படாததால் ஆவியாகவும் வழியில்லை. பகலில் மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் கொஞ்சம் ஆவியாகிறது, இரவில் குளிர்ந்த இரும்புத் தரையில் அதுவே மறுபடியும் படிகிறது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏசி போட்டவுடன் மூக்கில் ஏறும் அந்த முடைநாற்றம், பூஞ்சையும் பாக்டீரியாவும் வெளிவிடும் வாயுக்களால் வருவது. வாசனைப் புட்டி தொங்கவிட்டு அதை மறைக்கலாம், போக்க முடியாது. துரு இன்னும் மோசம். தரைத்தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட விளிம்புகளில்தான் அது முதலில் பிடிக்கும்.

ஆற்றுத் தண்ணீர் புகுந்தால் வண்டலும் கூடவே வரும். காவிரி வண்டல் வயலுக்கு வரம். சீட் ரெயிலுக்கு உப்புத்தாள். மிக நுண்ணிய துகள்கள் கிரீஸோடு கலந்து, இருக்கை முன்பின் நகரும் தடத்தை அரித்துவிடும்.

வாழைக் கறையைப் பற்றித் தோட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாரையும் இலைக்கட்டையும் காரில் ஏற்றும்போது சொட்டும் பால் முதலில் நிறமற்றுத்தான் இருக்கும். அதிலுள்ள பாலிஃபீனால் என்ற பொருட்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகி, துணி நூலோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேதியியல்தான். புதிதாகச் சொட்டியவுடன் துடைத்தால் போகும். விட்டால் இருக்கைத் துணியைக் கழற்றி ஊறவைத்தால்கூட முழுதும் போவது கடினம்.

எலி வேறு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். இருக்கைக்கு அடியில் ஓடும் வயர்கள் அதற்குத் தோதாக வாய்க்கின்றன. தோப்போரம் நிறுத்திய வண்டியில், கதகதப்பான அந்த இருட்டில் கூடு கட்டி, பஞ்சைப் பிய்த்து மெத்தையும் போட்டுக்கொள்ளும்.

ஆக, இருக்கையை வெளியே எடுக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கேள்வி, எப்படி எடுப்பது என்பதுதான்.

ஒரு காலத்தில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1984-இல் வந்த மாருதி வேனை, பின்னாளில் ஆம்னி என்று பெயர் மாறிய வண்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்இருக்கைகளுக்கு அடியில்தான் இருந்தது. ஸ்பார்க் பிளக் பார்க்க வேண்டுமென்றாலும் இருக்கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வாழைத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும் கல்யாணச் சாமான்களும் ஏற்றி ஓடிய அந்த வண்டிகளில் பழகிய மெக்கானிக்குகள், இருக்கை என்பது எஞ்சினுக்கு மூடி என்று எண்ணப் பழகியதில் வியப்பில்லை. 2019-இல் ஆம்னியின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாயிற்று. 2021-க்குள் பக்கத்து இருக்கைக்கும் அது வந்துவிட்டது. அதற்குப் பிறகு பக்கவாட்டு ஏர்பேக்குகள் சிறிய கார்களிலும் பரவின. முன்பக்க ஏர்பேக்குகள் ஸ்டியரிங்கிலும் டாஷ்போர்டிலும் இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் இருக்கையின் முதுகுப்பகுதிக்குள், கதவை ஒட்டிய ஓரத்தில் தைக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு மாற்றம் இருக்கையைக் கழற்றும் வேலையின் தன்மையையே மாற்றிவிட்டது. கைகள் பழைய பழக்கத்திலேயே இருக்கின்றன. ஆபத்து அங்கேதான்.

பக்கவாட்டு மோதலில் நேரம் மிகக் குறைவு. முன்னால் எஞ்சின் அறை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் கதவுக்கும் உங்கள் விலாவுக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளிதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வரும் ஒரு பொருள் 25 சென்டிமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் 18 மில்லி வினாடி. அதற்குள் மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பையை ஊதியும் முடித்திருக்க வேண்டும். எந்த மின்மோட்டாரும் பம்ப்பும் இதைச் செய்யாது. வெடிமருந்து ஒன்றால்தான் முடியும். பழைய ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு எரிந்து நைட்ரஜனைத் தந்தது. இப்போது குவானிடின் நைட்ரேட் போன்றவை வந்திருக்கின்றன. சில பக்கவாட்டுப் பைகளில் உயர் அழுத்தத்தில் அடைத்த வாயுக்குப்பியே இருக்கும், வெடிமருந்து அதன் அடைப்பை உடைக்கும். பல கார்களில் சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிளின் அடியிலும் இன்னொரு சிறு வெடிமருந்துக் குழல் உண்டு. மோதும் நொடியில் பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் இழுத்து இறுக்குவது அதன் வேலை. அதுவும் இருக்கையோடு சேர்ந்தே வெளியே வரும்.

இவற்றைப் பற்றவைப்பது ஒரு மெல்லிய கம்பி. அதன் மின்தடை சுமார் 2 ஓம். 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி வினாடி பாய்ந்தால் கம்பி சூடாகி மருந்து பற்றும் என்பது இந்தத் துறையில் வழக்கமான அளவு. பெருக்கிப் பார்த்தால் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 6 மில்லி ஜூல். ஒரு நெல்மணியை ஒரு முழ உயரத்திலிருந்து போட்டால் கிடைப்பதைவிடச் சில பத்து மடங்கு, அவ்வளவுதான்.

இந்த 6 மில்லி ஜூலை மனதில் வைத்துக்கொண்டு பேட்டரிக்கு வருவோம். மோதலின் முதல் கணத்திலேயே பேட்டரி நொறுங்கிப் போகலாம். அப்போதும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கிகளை வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் மைக்ரோஃபாரட் கொண்ட மின்தேக்கி, 25 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். 5,000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால் உள்ளே இருப்பது ஒன்றரை ஜூல். பற்றவைக்கத் தேவையானதைவிட 200 மடங்குக்கு மேல். பேட்டரி வயரைக் கழற்றிய கையோடு இருக்கையின் இணைப்பைப் பிடுங்குபவர், மின்சாரமே இல்லை என்று நம்பிக்கொண்டு, முழுதாக விழித்திருக்கும் ஒரு பொறியின் மேல் கை வைக்கிறார். அந்த மின்னூட்டம் உள்ளே இருக்கும் மின்தடைகள் வழியாக மெல்ல வடிய வேண்டும். சில நிறுவனங்கள் 90 வினாடி காத்திருக்கச் சொல்கின்றன, சில 3 நிமிடம், சில 10 நிமிடம். உங்கள் வண்டிக்கான கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. தெரியவில்லையென்றால் 10 நிமிடத்துக்கும் மேல் விடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு இணைப்பு தெரிந்தால் அதுதான் ஏர்பேக் அல்லது பெல்ட் இறுக்கியின் வயர். உலகெங்கும் பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு மஞ்சளையே வைத்திருக்கின்றன. இதற்குள் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. இணைப்பைப் பிரித்தவுடன், உள்ளேயிருக்கும் சிறிய வில் தகடு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிடும். ஏன் அப்படி? நைலான் கார்பெட்டில் முழங்காலால் ஊர்ந்து வேலை செய்யும் மனித உடல், வறண்ட நாளில் 10,000 வோல்ட் வரை நிலைமின்சாரம் சேர்த்துக்கொள்ளும். உடலின் மின்தேக்கம் சுமார் 100 பிக்கோஃபாரட். கணக்கிட்டால் அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் 5 மில்லி ஜூல். பற்றவைக்கும் ஆற்றலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்! பற்றவைப்பான்களை இத்தகைய பொறிகளைத் தாங்கும்படி சோதித்துத்தான் விற்கிறார்கள், பொறியின் பெரும்பகுதி வேறு இடத்தில் வீணாகவும் போகும். இருந்தும் முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடே எழாது. முன்யோசனை என்றால் இதுதான். இந்த முனைகளுக்குள் கம்பியையோ சோதனை விளக்கையோ விடக் கூடாது. மல்டிமீட்டரும் வேண்டாம், அது மின்தடையை அளப்பதற்கே தன் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தும்.

வேலையின் வரிசையை இந்த இயற்பியல்தான் நிர்ணயிக்கிறது. இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளினால் முன்போல்ட்டுகள் தெரியும், முன்னுக்குத் தள்ளினால் பின்போல்ட்டுகள். பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, போல்ட்டுகளை எட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கை மின்மோட்டாரில் நகருமானால் ஒரு சிக்கல்: பேட்டரியைக் கழற்றிய பிறகு அது நகராது. ஆகவே மஞ்சள் இணைப்பு எதையும் தொடாமல் முதலில் நகர்த்தி போல்ட்டுகளைக் கழற்றி, கடைசியில் இருக்கையை நடுவில் நிறுத்த வேண்டும். கையால் நகர்த்தும் இருக்கைக்கு இந்தக் கவலை இல்லை, போல்ட்டுகளைப் பேட்டரியைக் கழற்றிய பிறகு எடுக்கலாம். பிறகு இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே இருக்கையைச் சாய்த்து இணைப்புகளைப் பிரிக்கலாம். எல்லா வண்டியிலும் பேட்டரி எஞ்சின் பக்கம் மட்டுமே இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் ஒரு சிறிய லித்தியம் பேட்டரி பக்கத்து இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். மின்கார்களில் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர் கண்ணில் பட்டால் அங்கே நம் வேலை முடிந்தது. பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

தலைச்சாய்மானத்தை முன்பே கழற்றிவிட்டால் கொஞ்சம் எடை குறையும். அப்படியும் முன்இருக்கை 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். எடையைவிட அதைத் தூக்கும் கோணம்தான் தொல்லை: கதவு வழியாகக் குனிந்து கையை நீட்டித் தூக்கும்போது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல் அந்த எடை பல மடங்காக விழுகிறது. இரண்டு பேர் வேண்டும். ரெயில் முனைகள் கூர்மையானவை, பெயின்ட்டையும் கையையும் கிழிக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். இருக்கைக்கு முன்னால் இருக்கும் நகர்த்து கம்பியைப் பிடித்துத் தூக்குவது மிகப் பரவலான தவறு. கம்பி மேலே வந்தால் இரு ரெயில்களின் பூட்டும் விடுபடும். விரல் நசுங்கலாம். அதோடு இடது ரெயில் ஒரு பல்லிலும் வலது ரெயில் வேறொரு பல்லிலும் போய் நின்றுவிட்டால், திரும்ப மாட்டும்போது துளைகள் பொருந்தாது. அடித்துப் பொருத்தினால் ஒரு பக்கம் பூட்டு முழுதாக விழாத இருக்கையில்தான் குடும்பம் பயணம் செய்யும்.

வெளியே எடுத்த இருக்கையை நேராக நிறுத்துங்கள், ஏர்பேக் இருக்கும் ஓரத்தை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டாம். துணியை ஈரத்துணியாலும் நுரையாலும் சுத்தம் செய்யலாம். ஏர்பேக் பகுதியில் குழாய்த் தண்ணீரையும் நீராவியையும் பாய்ச்சக் கூடாது. ஈரமும் சூடும் இத்தகைய மருந்துகளை என்ன செய்யும் என்பதற்கு டகாட்டா நிறுவனத்தின் கதை சாட்சி. அதன் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் மாறிமாறிச் சூடாகிக் குளிர்ந்து சிதைந்தது. விரிய வேண்டிய நேரத்தில் உலோகக்கூடே வெடித்துச் சில்லுகளாகப் பறந்து உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன, நிறுவனம் 2017-இல் திவாலானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர் என்றால் திருச்சியும்தானே.

சீட் கவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுத்தம் செய்து முடித்த கையோடு புது கவர் போடுவது நம் வழக்கம். இருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் என்று சிறிய துணிச் சீட்டு தைத்திருந்தால், அந்த ஓரத் தையல் கிழிந்துதான் பை வெளியே வர வேண்டும். அதன் மேல் தடித்த ரெக்ஸினை இறுக்கித் தைத்துவிட்டால், 18 மில்லி வினாடிக் கணக்கு தப்பிப் போகும். பை தாமதிக்கும், அல்லது தவறான திசையில் விரியும். கவர் கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது போல்ட்டுகள். எனக்கு இந்த விஷயத்தில் ஏர்பேக்கைவிடக் கவலை தருவது இவைதான். ஏர்பேக் இணைப்பை மாட்ட மறந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து சொல்லிவிடும். போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்றால் எந்த விளக்கும் எரியாது.

முன்இருக்கையின் பக்கிள் பெரும்பாலும் இருக்கையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதாவது மோதலில் உங்கள் உடலைத் தடுத்து நிறுத்தும் விசையில் பெரும்பங்கு, ரெயில் வழியாக அந்த நான்கு போல்ட்டுகளுக்கே போய்ச் சேரும். இருக்கைகளின் வலிமைக்கான ஐ.நா. வாகன விதி 17, புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு முடுக்கத்தை 30 மில்லி வினாடி தாங்க வேண்டும் என்கிறது. 22 கிலோ இருக்கைக்கு அது 440 கிலோ சுமை, அதுவும் ஆளில்லாமல். ஆளின் பெல்ட்டுக்கான விதி 14, மேற்பட்டையில் 13,500 நியூட்டனும் இடுப்புப்பட்டையில் அதே அளவும் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரண்டே முக்கால் டன்.

இதைத் தாங்குவது போல்ட்டின் தடிமனால் மட்டுமல்ல, அதன் இழுவிசையாலும்தான். முறுக்கும்போது போல்ட் மிகக் கொஞ்சம் நீள்கிறது. நீண்ட எஃகு திரும்பச் சுருங்க முயன்று ரெயிலைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. 10 மில்லி மீட்டர் போல்ட்டை 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், சாதாரண உலர்ந்த மரையில் சுமார் 20,000 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு டன். அந்த அழுத்தம் இருக்கும்வரை ரெயில் தரையின் மேல் நகராது. அழுத்தம் குறைந்துவிட்டால் ரெயில் பக்கவாட்டில் மயிரிழை அளவு அசையத் தொடங்கும். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டியது இதுதான்: பக்கவாட்டு அதிர்வு, மரையின் உராய்வைக் கணந்தோறும் விடுவித்து, போல்ட்டைத் தானாகவே கழலவைக்கும். ஒவ்வொரு வேகத்தடையும் அதற்கு உதவும்.

அப்படியானால் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடலாமா? முறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது, மீதியெல்லாம் உராய்வில் போகிறது. மரையில் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கலில் இழுவிசை ஒன்றரை மடங்கு வரைகூட ஏறிவிடலாம். 8.8 தரத்து 10 மில்லி மீட்டர் போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை 33,000 நியூட்டன் அளவுதான். எண்ணெய் பட்ட மரையில் நீளமான ஸ்பேனரால் ஒரு ஆள் அதை எளிதில் தாண்டிவிடுவார். கைக்கு அது கெட்டியாக இருப்பதாகவே தெரியும். போல்ட் உள்ளுக்குள் பிய்ந்துகொண்டிருக்கும். ஆகவே மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, உலர்த்தி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, நான்கும் பிடித்த பிறகு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள எண்ணுக்கு முறுக்க வேண்டும். துருவேறிய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டையும் அதன் இடத்தில் போடாதீர்கள். தலையில் தர எண் பொறித்த, அந்த வண்டிக்கான போல்ட்தான் வேண்டும்.

இணைப்புகளை எல்லாம் மாட்டி, ரெயிலுக்கு அடியில் வயர் எதுவும் சிக்கவில்லை என்று பார்த்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். இடையில் ஒருமுறைகூட இக்னிஷனைப் போடக் கூடாது, போட்டால் ஏர்பேக் இல்லை என்ற பிழை நினைவில் பதிந்து, அழிக்க ஸ்கேனர் தேவைப்படும். இக்னிஷன் போடும்போது உள்ளே வேறு யாரும் உட்கார வேண்டாம். ஏர்பேக் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வேறு ஆளை ஏற்றாமல் வண்டியை நேரே பட்டறைக்கு ஓட்டுங்கள். கடைசியாக இருக்கையை முன்பின் தள்ளி, இரு பக்கமும் பூட்டு விழும் ஓசையைக் கேளுங்கள்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. உட்புறம் கழுவிக் கொடுக்கும் கடைகள் திருச்சியில் எத்தனையோ இருக்கின்றன, இருக்கையைக் கழற்றித்தான் பலர் செய்கிறார்கள். வண்டியை விடும் முன் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றி எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், அண்ணே? போல்ட்டை முறுக்க டார்க் ரெஞ்ச் இருக்கிறதா? இரண்டுக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால் இருக்கையைக் கழற்றாமல் முடிந்தவரை சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள்.